பாதத்துக்குத் தொடைத் தோல்: பிறகு ஷூ போட முடியுமா?

வணக்கம். பைக் விபத்தில் உங்கள் அண்ணனுக்குப் பாதத்தின் மேல்தோல் உரிந்து தசைநாண் தெரிகிறது. டாக்டர் தொடையிலிருந்து ஃபிளாப் (தோலையும் அடிக்கொழுப்பையும் ரத்தக்குழாயோடு சேர்த்து எடுக்கும் துண்டு) வைக்கலாம் என்கிறார். வெறும் தோல் ஒட்டினால் போதாதா, ஃபிளாப் தடிமனாக இருந்து ஷூ போட முடியாமல் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெறும் தோல் போதாது. ஒட்டுத்தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது, அடியில் இருக்கும் திசுதான் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். மெல்லிய உறையும் போய்விட்ட தசைநாண் மேல் அது பிடிக்காது. ஃபிளாப் தன் ரத்தக்குழாயோடு வரும். அதைப் பாதத்து நாளங்களோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்பார்கள்.

தடிமனைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. தொடையில் கொழுப்பு அதிகமென்றால் பாதம் மேடாகி, செருப்பே நுழையாது. அதனால்தான் இப்போது பலர் ஆழத்துக்குப் போகாமல், கொழுப்பின் நடுவே உள்ள மெல்லிய படலத்தின் மட்டத்திலேயே பிரித்து, மீதிக் கொழுப்பைத் தொடையிலேயே விட்டுவிடுகிறார்கள். தொடையிடுக்கிலிருந்தும் எடுக்கலாம். அங்கே தோல் இயல்பிலேயே மெல்லியது, தழும்பும் உடைக்குள் மறையும். ஆனால் ரத்தக்குழாய் குட்டை, சன்னம். அதற்குப் பழகிய கை வேண்டும்.

முதல் ஆபரேஷனிலேயே மெலிதாக்குவாரா, சில மாதம் கழித்துக் கொழுப்பைக் குறைப்பாரா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டாவது வழியைச் சொன்னாலும் கலங்க வேண்டாம், சிலருக்கு அதுதான் பத்திரம்.

அண்ணன் சிகரெட் பிடிப்பவரா? கெஞ்சியாவது இன்றே நிறுத்த வையுங்கள். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். ஆபரேஷன் முடிந்த முதல் 2, 3 நாட்களில் ஃபிளாப் நீலம் பாரித்தாலோ வெளுத்தாலோ, நடுராத்திரியானாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். சில மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து பார்த்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.