வெளிநாட்டில் வாடகைக் கார்: டெபாசிட்டுக்கு எந்தக் கார்டைக் கொடுப்பது?

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, சேலம்): வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறேன். இத்தாலியில் விசென்சா நகைக் கண்காட்சிக்குச் செல்லும்போது கார் வாடகைக்கு எடுக்க எண்ணியுள்ளேன். கணக்கில் பணம் தாராளமாக இருப்பதால் டெபிட் கார்டிலேயே டெபாசிட் கட்டிவிடலாமா?

பதில்: டெபிட் கார்டை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். வாடகைக்கு அதை வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள்கூட டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டைக் கேட்பதுண்டு; டெபிட் கார்டை ஏற்கும் சிலரும் அதற்கு ஈடாகத் தங்களுடைய முழுக் காப்பீட்டை வாங்கச் சொல்வார்கள். கிரெடிட் கார்டில் பொதுவாகப் பணம் எடுக்கப்படுவதில்லை. கார் நல்லபடியாகத் திரும்பி வரும்வரை உங்கள் கடன் வரம்பில் ஒரு பகுதி நீங்கள் செலவழிக்க முடியாதபடி ஹோல்டில் (நிறுத்தி) வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். அது விடுவிக்கப்பட்டால் பில்லில் எதுவும் ஏறாது, நாணய மாற்றத்துக்கு வங்கி வசூலிக்கும் கூடுதல் கட்டணமான அந்நியச் செலாவணி மார்க்கப்பும் கிடையாது. டெபிட் கார்டிலோ சரக்குக்கு வைத்திருக்கும் உங்கள் சொந்தப் பணமே முடங்கும்; அதைக் கணக்கிலிருந்து எடுத்துப் பிறகு திருப்பி அனுப்பினால், இருமுறை நாணயம் மாறுவதால் நட்டமும் உங்களுக்கே.

வரம்பையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 1.5 லட்சம் ரூபாய் வரம்புள்ள கார்டில் விமான டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் 90,000 ரூபாய் போயிருந்தால் மீதம் 60,000 ரூபாய்தான். அங்கே 1,000 யூரோ கேட்டால் அது ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி வரும் என்பதால் கார்டு மறுக்கப்படும், முன்பதிவு செய்த காரும் கைக்கு வராது. ஆகவே ஒரு கிரெடிட் கார்டை டெபாசிட்டுக்கென்றே ஒதுக்கி, வேறு செலவு எதையும் அதில் ஏற்றாதீர்கள். புதிய கார்டுகளை உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020இல் உத்தரவிட்டிருப்பதால், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே இயக்கிவிட்டுப் புறப்படுங்கள். கார்டின் ரகசிய எண்ணும் (PIN) நினைவில் இருக்கட்டும். இத்தாலியில் ஓட்டுவதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெறும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

கேள்வி (அஸ்தம்பட்டி): கார் ஓட்டப்போவது என் மகள், கிரெடிட் கார்டு என் பெயரில் உள்ளது. நான் உடன் செல்லவில்லை. சம்மதக் கடிதம் கொடுத்து அனுப்பினால் போதுமா?

பதில்: போதாது. முதன்மை ஓட்டுநரின் பெயரே கார்டிலும் இருக்க வேண்டும் என்பதில் பெரும்பாலான நிறுவனங்கள் கறாராக இருக்கின்றன. மகள் பெயரில் ஆட்-ஆன் கார்டு (உங்கள் கார்டுடன் இணைந்த கூடுதல் கார்டு) வாங்கிக் கொடுங்கள். அதன் வரம்பு உங்கள் வரம்பிலிருந்தே பங்கிடப்படுவதால், அவர் திரும்பும்வரை நீங்களும் இங்கே செலவைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும்.

கேள்வி (அம்மாபேட்டை): ஃபோரெக்ஸ் கார்டு ஏற்கப்படுமா?

பதில்: ஃபோரெக்ஸ் கார்டு என்பது முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிவைக்கும் ப்ரீபெய்டு கார்டு; பல இடங்களில் ப்ரீபெய்டு கார்டுகளை டெபாசிட்டுக்கு வாங்குவதில்லை. பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஏற்காடு): 20 கொண்டை ஊசி வளைவுகளில் அன்றாடம் ஓட்டிப் பழகியவன் நான். கூடுதல் காப்பீடு எடுத்தால் டெபாசிட் குறையும் என்கிறார்களே?

பதில்: யாரிடம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விபத்து நேர்ந்தால் உங்கள் பொறுப்பாக நிற்கும் தொகையை ஒட்டியே டெபாசிட்டை வைப்பதால், வாடகை நிறுவனத்திடமே முழுக் காப்பீடு வாங்கினால் பெரும்பாலும் குறையும். வெளி நிறுவனத்தில் மலிவாக வாங்கும் பாலிசி, நீங்கள் கட்டிய இழப்பைப் பின்னர் ஈடுசெய்யுமே தவிர, கவுண்டரில் வைக்கும் ஹோல்டைக் குறைக்காது. உங்கள் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் சாலையின் வலப்பக்கமாக ஓட்டும் நாடு என்றால் முழுக் காப்பீட்டையே பரிந்துரைப்பேன்.

கேள்வி (சூரமங்கலம்): காரை ஒப்படைத்து இரண்டு வாரமாகியும் ஹோல்ட் நீங்கவில்லை. என்ன செய்வது?

பதில்: இறுதி பில்லையும், ஹோல்டை விடுவித்ததற்கான உறுதிப்பாட்டையும் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, ஹோல்ட் வைத்தபோது தரப்பட்ட அங்கீகார எண்ணுடன் உங்கள் வங்கிக்கு அனுப்புங்கள், அவர்கள் விடுவித்த பிறகும் சில வங்கிகள் பல நாள் எடுத்துக்கொள்கின்றன. ஒப்படைக்கும்போது எடுத்த படங்களை அழித்துவிடாதீர்கள். சுங்கக் கட்டணமும் போக்குவரத்து அபராதமும் மாதங்கள் கழித்துக்கூட அதே கார்டில் வரக்கூடும்.