முன் கண்ணாடியை நாமே மாற்றலாமா? வாகனம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஓசூர் ரோட்டில் ஜல்லி லாரியிலிருந்து கல் தெறித்து, என் 2017 மாடல் ஹேட்ச்பேக்கின் முன் கண்ணாடியில் ஓரம்வரை விரிசல் ஓடிவிட்டது. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கண்ணாடியை வாங்கிவந்து, அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் நானும் மச்சானும் மாட்டிவிடலாம் என்று பார்க்கிறோம். கூலி மிச்சமாகுமே?
(வாசகர், அல்சூர்)

பதில்: உங்கள் காருக்கு வேண்டாம். இந்தக் கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டப்பட்டது. முன் பயணிக்கான ஏர்பேக் விரியும்போது பல கார்களில் முதலில் மேலே எழும்பி, கண்ணாடியில் மோதித்தான் ஆளின் பக்கம் திரும்பும். பசை பிடிக்கவில்லை என்றால் கண்ணாடி வெளியே தள்ளப்படும். பையும் அதன் பின்னால் போய்விடும். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் இருப்பதிலும் இந்த ஒட்டுக்குப் பங்கு உண்டு.

மிச்சம் என்று நீங்கள் சொல்வது கூலி மட்டுமே. கண்ணாடி, பசை, பிரைமர் (பசை பிடிக்க முதலில் தடவும் பூச்சு), கிளிப், மோல்டிங் (ஓரப் பட்டை) எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பணம் தரப்போகிறீர்கள். லேமினேட்டட் கண்ணாடி, அதாவது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த இரட்டைக் கண்ணாடி, கொஞ்சம் முறுக்கிப் பிடித்தாலே ஓரத்தில் விரிசல் விட்டுவிடும். கடைக்காரர் கையில் உடைந்தால் அவர் நஷ்டம். உங்கள் கையில் உடைந்தால் இன்னொரு கண்ணாடி வாங்க வேண்டியதுதான்.

ஆனால் ஆளைக் கூப்பிட்டுவிட்டு மாடியில் போய் உட்காராதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பார்க்க வேண்டியவை இவை.

முதலில் கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரியர்வியூ மிரர் மாட்டும் பட்டன், மழை சென்சார் இடம், மேலே உள்ள பச்சைப் பட்டை எல்லாம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

பழையதைக் கம்பியாலோ கத்தியாலோ அறுத்து எடுப்பார்கள். அப்போது பாடி விளிம்பில் இருக்கும் பழைய பசையை ஒட்டச் சுரண்டக் கூடாது. சீராக 1 முதல் 2 மி.மீ. தடிமன் விட வேண்டும். புதிதாக அறுத்த பழைய பசையின் மேல் புதுப் பசை நன்றாகப் பிடிக்கும். சுத்தம் செய்வதாக நினைத்துப் பெயின்ட் வரை சுரண்டுகிறவர்கள்தான் அதிகம். கத்தி பட்டுப் பெயின்ட் போன இடத்தில் அப்போதே பிரைமர் தொட்டுவைக்கச் சொல்லுங்கள். விட்டால் உள்ளே துருப்பிடித்து, ஒன்றிரண்டு மழைக்காலம் கழித்துத் தரைவிரிப்பு நனையும். அப்போது ஏ.சி. டிரெயின் அடைப்பு என்று வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பசை பூசும் முன் புதுக் கண்ணாடியைச் சும்மா வைத்துப் பார்த்து, கண்ணாடியிலும் கூரையிலும் சேர்த்து டேப் ஒட்டி, இரண்டும் சேரும் கோட்டில் டேப்பை அறுத்து அடையாளம் வைக்க வேண்டும். பசைமேல் வைத்த பிறகு இடம் வலம் நகர்த்தினால் பசைக்கோடு சிதையும். புதுக் கண்ணாடியின் கறுப்பு விளிம்பைக் கிளீனரால் துடைத்து, பிரைமர் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் காயவிட வேண்டும். வெறும் விரல் பட்டால் அந்த எண்ணெய்ப் பிசுக்கில் பசை பிடிக்காது.

பசை முக்கோண வடிவில் வர, டியூப் மூக்கை ‘வி’ போல வெட்டுவார்கள். அடி 10 மி.மீ., உயரம் 12 மி.மீ. என்றால் குறுக்குவெட்டு 60 சதுர மி.மீ. சுற்றளவு சுமார் 4 மீட்டர். ஆகத் தேவை 240 மி.லி. 310 மி.லி. டியூப் ஒன்று சின்னக் காருக்குச் சரியாக இருக்கும். ஆனாலும் இரண்டாவது டியூபோ 600 மி.லி. பாக்கெட்டோ கைவசம் இல்லாமல் தொடங்க விடாதீர்கள். பாதியில் தீர்ந்து, ஆள் கடைக்கு ஓடினால், கோடு விட்டுப்போன அந்த இடத்தில்தான் ஒழுகும். காலாவதித் தேதியையும் படித்துவிடுங்கள். கோடு போட்டு முடித்ததும் பத்து நிமிடத்துக்குள், சக்‌ஷன் கப் பிடித்து இரண்டு பேர் கண்ணாடியை வைத்தாக வேண்டும். மேலே தோல் கட்டிவிட்டால் ஒட்டாது.

வேலையின் நடுவே வினிகர் வாடை வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அது சிலிகோன். தண்ணீரைத் தடுக்கும், ஆனால் கண்ணாடியைத் தாங்கும் வலு அதற்குக் கிடையாது. அதன் மிச்சம் ஒட்டிய இடத்தில் பிறகு நல்ல பசையும் பிடிக்காது.

மாட்டியதும் ஒரு கதவுக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கியே வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்து சாத்தினால், உள்ளே அமுங்கும் காற்று கண்ணாடியை வெளியே தள்ளும். ஓட்டலாம் என்ற நேரம் பசைக்குப் பசை மாறும். சிலவற்றுக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்குப் பல மணி நேரம். டப்பாவில் இருப்பதுதான் கணக்கு. இந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. அதனால் பெங்களூரின் ஜனவரிக் குளிரிலும் வறட்சியிலும் மெதுவாகத்தான் இறுகும். மாலை மழைக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் வேலை நடக்கும்போது தலைக்கு மேல் கூரை வேண்டும். வாட்டர் சர்வீஸ் இரண்டு நாள் கழித்து.

கேள்வி: என்னிடம் பழைய ஆம்னி இருக்கிறது. அதற்கும் இதே பதில்தானா?
(வாசகர், முருகேஷ்பாளையா)

பதில்: இல்லை. ரப்பர் பீடிங்கில் உட்காரும் கண்ணாடியைப் பொறுமை இருந்தால் நீங்களே மாற்றலாம். இரண்டு பேர் வேண்டும். பழைய ரப்பர் இறுகியிருக்கும், புதிதாகவே வாங்குங்கள். விளிம்பில் துரு இருந்தால் தேய்த்துப் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, பாடி விளிம்பு நுழையும் பள்ளத்தில் 4 மி.மீ. நைலான் கயிற்றை முழுச் சுற்றும் செருகி, இரு முனைகளும் அடிப்பக்க நடுவில் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி உள்பக்கம் தொங்கவிடுங்கள். 5 மீட்டர் கயிறு போதும். சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுத்தால் ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். மூலையில் சிக்கினால் சோப்புத் தண்ணீரைக் கூட்டுங்கள், ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். கண்ணாடிகள் உடைவது பெரும்பாலும் அந்த நெம்பலில்தான்.

கேள்வி: இன்ஷூரன்ஸில் கிளெய்ம் செய்வதா, கைக்காசு போடுவதா?
(வாசகர், லிங்கராஜபுரம்)

பதில்: தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் பேச்சே இல்லை, கைக்காசுதான். முழு பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது, 1,500 சி.சி. வரை 1,000 ரூபாயும், அதற்கு மேல் 2,000 ரூபாயும் கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டும். பெரிய இழப்பு நோ கிளெய்ம் போனஸில், அதாவது கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடியில். தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் (சொந்தக் காரின் சேதத்துக்கான) பிரீமியம் 8,000 ரூபாய், அடுத்த ஆண்டு உங்களுக்கு 50 சதவீதம் வரவேண்டும் என்று வையுங்கள். கிளெய்ம் செய்தால் 4,000-க்குப் பதில் 8,000 கட்டுவீர்கள். பிறகு தள்ளுபடி 20, 25, 35, 45 சதவீதம் என்று படி ஏறி 50-ஐத் தொடுவதற்குள் கூடுதலாகக் கட்டியது மொத்தம் 10,000. பிரீமியம் ஆண்டுதோறும் இறங்கினால் இது கொஞ்சம் குறையும். சின்னக் காரின் சாதாரணக் கண்ணாடிக்குக் கைக்காசே பல நேரம் லாபம். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த கார்களில் கணக்கு மாறும். மாற்றிய பிறகு கேமராவை அளவுதிருத்தம் செய்யும் செலவும் சேரும் என்பதால் கிளெய்ம் செய்வது நல்லது. பாலிசியில் போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிளெய்ம்தான் என்றால், பழைய கண்ணாடியைக் கழற்றும் முன் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: ஃபாஸ்டேகைப் பழைய கண்ணாடியிலிருந்து உரித்து ஒட்டலாமா?
(வாசகர், கே.ஆர். புரம்)

பதில்: முடியாது, உரித்தால் கிழிந்து செயலிழக்கும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. பழையதைப் படம் எடுத்துக்கொண்டு, டேக் வாங்கிய வங்கியிடமே மாற்று டேக் கேளுங்கள். எச்.எஸ்.ஆர்.பி. என்ற உயர் பாதுகாப்பு எண் பலகையோடு வந்து உள்பக்கம் ஒட்டிய பதிவு ஸ்டிக்கரும் இதே ரகம்தான். அதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.