எது கிட்டே, எது தூரம் என்று கண்ணால் ஆழத்தை உணரும் திறன் ஆளுக்கு ஆள் மாறுமா? அதை அளக்க முடியுமா?

மாறும், அளக்கவும் முடியும். இரண்டு கண்களுக்கும் நடுவே 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி இருப்பதால், ஒரே பொருளை இரண்டும் சற்று வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்து மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. எவ்வளவு சின்ன வித்தியாசத்தை உங்களால் பிடிக்க முடிகிறது என்பதே உங்கள் அளவு. அலகு ஆர்க் செகண்ட், அதாவது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு. எண் சிறிதானால் பார்வை கூர்மை.

கண் மருத்துவர்களிடம் ஒரு பெரிய ஈ படம் இருக்கும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் போலராய்டு கண்ணாடி போட்டுப் பார்த்தால் இறக்கை தாளைவிட்டு எழுந்து நிற்கும். பிள்ளைகள் அதைக் கிள்ளப் போய் வெறும் காற்றைப் பிடிப்பார்கள். பக்கத்திலேயே நான்கு நான்காக வட்டங்கள். எது முன்னால் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். கடைசித் தொகுதி 40 ஆர்க் செகண்ட், 40 செ.மீ. தூரத்தில் அது சுமார் அரை மில்லிமீட்டர் ஆழம்தான்!

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. முதல் சில தொகுதிகளில் ஒரு வட்டம் லேசாக நகர்ந்திருப்பது ஒற்றைக் கண்ணுக்கே தெரிந்துவிடும். கெட்டிக்காரப் பையன் ஊகித்தே தேறிவிடுவான். எனக்கு நம்பிக்கை பார்வை ஆய்வாளர் பேலா யூலெஸ் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய புள்ளிப் படங்கள் மேல்தான். ஒற்றைக் கண்ணுக்கு அது வெறும் மணல் சிதறல். இரு கண்ணும் சேர்ந்தால்தான் சதுரம் மிதக்கும். மாறுகண், சோம்பேறிக் கண் உள்ளவர்களில் பலருக்கு அது மிதக்கவே மிதக்காது.

அப்புறம், ஒரு சோதனையில் வாங்கிய எண்ணை வேறு சோதனையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.