கூலியாள் வேடத்தில் ஒரு குரு

கேள்வி: பாதிரியார் என்றாலே எனக்குப் பெரிய பள்ளிக்கூடமும் காரும்தான் நினைவுக்கு வருகிறது. ஏழைகளோடு ஏழையாகவே வாழ்ந்தவர் யாராவது உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: ஏன் இல்லை? யோசேப் வாஸ் அடிகளார். 1651-ல் கோவாவின் பெனாலிமில் பிறந்தவர். கடைசிக் காலம் முழுவதும் வாழ்ந்து முடிந்தது இலங்கையில்.

1658-ல் யாழ்ப்பாணம் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கைக்குப் போனது. அவர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள், கோயில்களைப் பறித்துக்கொண்டார்கள். அப்புறம் வெகுகாலம் அங்கே பூசை வைக்க ஆளில்லை. இதைக் கேள்விப்பட்டுத்தான் வாஸ் 1687-ல் கூலியாள் வேடம் போட்டுக் கடல் தாண்டினார். போய் இறங்கியதும் கடுமையான சீதபேதி. தேறி எழுந்ததும் பிச்சையெடுக்கக் கிளம்பினார். கழுத்தில் செபமாலை தொங்கும். அதைப் பார்த்து எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று கவனிப்பார். அப்படித்தான் தன் மக்களைக் கண்டுபிடித்தார். மாறுகிற முகம் எல்லாம் நட்பு முகமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? காட்டிக்கொடுக்க ஒருவர் போதும். யாழ்ப்பாணப் பக்கத்துக் கிராமமான சில்லாலையில் தங்கி, இரவில் ஒளிந்து பூசை வைத்தார்.

1692-ல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கீச உளவாளி என்று சிறையில் போட்டார்கள். வறட்சியில் அவர் செபித்து மழை கொட்டியது, அவர்மேல் மட்டும் ஒரு துளி படவில்லை என்று ஒரு கதை உண்டு. பக்தர்கள் முதலில் சொல்வது அதைத்தான். எனக்கு 1697 போதும். அந்த வருடம் கண்டியில் பெரியம்மை. அரசனும் வசதியுள்ளவர்களும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். பெற்ற பிள்ளையையே காட்டோரம் விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸும் உடனிருந்த இன்னொரு குருவும் நோயாளிகளைத் தேடிப்போய்ப் புண்ணைக் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். கத்தோலிக்கனா, பௌத்தனா என்று விசாரிக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் புனிதர் பட்டம் கிடைக்க ஏன் இவ்வளவு தாமதம்?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: 1711 ஜனவரி 16-ல் கண்டியில் இறந்தார். 1995-ல் கொழும்பு வந்த போப் இரண்டாம் யோவான் பவுல் 'முத்திப்பேறு பெற்றவர்' என அறிவித்தார்; புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி அது. அடுத்த படிக்கு இன்னொரு அற்புதம் வேண்டும் என்பது வழக்கம், அதற்குத்தான் காத்திருந்தார்கள். போப் பிரான்சிஸ் அந்த நிபந்தனையை விலக்கிவிட்டு, 2015 ஜனவரி 14-ல் கொழும்பு காலிமுகத் திடலில் பட்டம் கொடுத்தார். சரியாகத்தான் செய்தார்.