பகுதிநேரக் கோல்கீப்பராக இருந்து ஸ்காட்லாந்துக் கால்பந்தில் பெரிய உயரத்தை எட்ட முடியுமா?

முடியும். ஜாக் வாலஸ் எட்டினார்.

அங்கே சிறிய கிளப்புகளின் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு. ஆனால் அது குடும்பம் நடத்தப் போதாது. பகலில் வேறு வேலை, வாரத்தில் ஓரிரு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். பெரிக் ரேஞ்சர்ஸ் அப்படியொரு கிளப். அதன் ஊர் இங்கிலாந்து எல்லைக்குள் இருந்தாலும் ஆடுவது ஸ்காட்லாந்துப் போட்டிகளில்தான். வாலிஃபோர்டு என்ற சுரங்க ஊரில் 1935இல் பிறந்த வாலஸ், இந்தக் கிளப்பில் கோல்கீப்பராகவும் மேலாளராகவும் ஒருசேர இருந்தார்.

1967 ஜனவரி 28 அன்று ஸ்காட்டிஷ் கோப்பையில் கிளாஸ்கோ நகரின் பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸ் பெரிக்குக்கு ஆட வந்தது. முதல் பாதியில் பெரிக் அணியின் சாமி ரீட் ஒரு கோல் அடித்தார். அதன்பின் பந்து வாலஸின் பக்கமே வந்துகொண்டிருந்தது. அவர் எதையும் உள்ளே விடவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம்! ஸ்காட்லாந்துக் கோப்பை வரலாற்றில் இதைவிடப் பெரிய அதிர்ச்சி இல்லை என்பேன். தோற்ற அணியின் முன்கள வீரர்கள் ஃபாரஸ்ட், மக்லீன் இருவரும் பிறகு ரேஞ்சர்ஸுக்கு ஆடவே இல்லை.

வியப்பு அடுத்துத்தான். வாலஸை 1970இல் அதே கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. 1972இல் மேலாளரானார். கல்லன் கடற்கரை மணல்மேடுகளில் வீரர்களை மூச்சுமுட்ட ஓடவைத்தார். 1975இல் லீக் பட்டம். 1976, 1978 ஆண்டுகளில் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை என்ற உள்நாட்டுப் பட்டங்கள் மூன்றும் அவர் அணிக்கே.