தம்பிக்குப் பிடித்த படம் எனக்குப் பிடிக்கவில்லை, பொய் சொல்லியிருக்க வேண்டுமா?

கேள்வி: நானும் என் தம்பியும் சின்ன வயதிலிருந்தே ஒரு படத் தொடரின் ரசிகர்கள். முதல் பாகம் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஏழு. அந்த வசனங்களைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். பல வருடம் கழித்து இப்போது புதிய பாகம் வந்தது. முதல் நாளே சேர்ந்து போனோம். எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்ததும், "எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டான். முதல் பாகத்தின் கதையையே திரும்ப எடுத்திருக்கிறார்கள், வில்லனில் சாரமில்லை, நாங்கள் கொண்டாடிய நாயகனை வயதானவனாக்கி ஓரம்கட்டிவிட்டார்கள், புது நடிகைக்கு நடிப்பே வரவில்லை என்று மனதில் பட்டதையெல்லாம் கொட்டிவிட்டேன். அன்று இரவே ஃபேஸ்புக்கிலும் எழுதினேன். நடிகையைப் பற்றிக் கொஞ்சம் காட்டமாகவே எழுதினேன். நிறைய பேர் பாராட்டினார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். படத்தின் முடிவைச் சொல்லிவிட்டேன் என்று சித்தி மகளுக்குக் கோபம். தம்பி எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியாமல் தனியாகப் போய் இரண்டாவது முறை பார்த்திருக்கிறான். ஏன் கூப்பிடவில்லை என்றால், "உனக்குத்தான் பிடிக்கலையே" என்கிறான். இப்போதெல்லாம் என்னோடு படங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா? இணையத்தில் விமர்சகர்கள் கொடுத்த மதிப்பெண்ணும் குறைவாகத்தானே இருக்கிறது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டியதில்லை. பிடிக்காத படத்தைப் பிடித்தது என்று சொன்னால் உங்கள் தம்பி கண்டுபிடித்திருப்பார். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தவருக்கு உங்கள் முகம் தெரியாதா? சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் அவர் கேட்ட கேள்வி இருக்கிறது, நீங்கள் சொன்ன பதில் வரிசையாக இருக்கிறது. அவருக்குப் படம் எப்படி இருந்தது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. இரண்டாவது தடவை போனதை வைத்துத்தான் அவருக்குப் பிடித்திருந்தது என்று நானே ஊகிக்க வேண்டியிருக்கிறது. நீங்களும் அப்படித்தான் தெரிந்துகொண்டீர்களோ என்று தோன்றுகிறது.

ஏழு வயதில் அக்காவோடு உட்கார்ந்து பார்த்த படத்தின் அடுத்த பாகத்தை, வளர்ந்த பிறகு அதே அக்காவோடு பார்த்துவிட்டு வருகிறார். "எப்படிக்கா இருந்துச்சு?" என்று அந்த நிமிடத்தில் கேட்பவர், அதையே தன்னிடமும் திருப்பிக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டிருப்பார். நீங்கள் திருப்பிக் கேட்டிருந்தால், உங்கள் குறைகளில் ஒன்றைக்கூட மறைக்காமலே அந்த மாலை வேறு மாதிரிப் போயிருக்கும்.

சரி, அந்தக் குறைகளுக்கு வருவோம். எந்தத் தொடர் என்று நீங்கள் எழுதவில்லை, அது தேவையும் இல்லை. உங்கள் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். முதல் பாகத்தின் கதையையே திரும்ப எடுத்துவிட்டார்கள் என்பது ஒரு குறை. நாயகன் பழைய நாயகனாக இல்லை என்பது இன்னொன்று. ஒன்று பழையதே வந்துவிட்டதே என்ற வருத்தம், மற்றது பழையது போய்விட்டதே என்ற வருத்தம். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே படத்தில் வரலாம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. நேசித்த ஒரு கதைக்கு அடுத்த பாகம் வரும்போது நாம் எல்லோரும் இந்த இரண்டையும் சேர்த்தேதான் கேட்கிறோம். ஸ்டார் வார்ஸ் என்ற ஹாலிவுட் விண்வெளிப் பட வரிசையில் இது அப்படியே நடந்தது. 2015-ல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தை, 1977-ல் வந்த முதல் படத்தின் மறுபதிப்பு என்று பல ரசிகர்கள் குறை சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து 'தி லாஸ்ட் ஜெடாய்' வந்தது. அது பழைய நாயகன் லூக்கை, மனம் உடைந்து ஒதுங்கி வாழும் முதியவனாகக் காட்டியது. இது எங்கள் லூக்கே இல்லை என்று கோபம் வெடித்தது. இரண்டு படங்களையும் திட்டியவர்களும் உண்டு.

இதைச் சொல்வது உங்கள் கருத்தைக் கீழே தள்ள இல்லை. வில்லனில் சாரமில்லை என்பது படத்தைப் பற்றிய விமர்சனம், அதற்குக் காட்சிகளைக் காட்டி வாதாடலாம், எதிரில் இருப்பவர் மறுக்கவும் செய்யலாம். நாயகனுக்கு வயதாகிவிட்டது என்பது அப்படி இல்லை. அது பன்னிரண்டு வயதில் நீங்கள் பார்த்த ஒருவர் இப்போது இல்லையே என்ற ஏக்கம். அதை "எனக்கு அழுகையா வந்துச்சுடா, அவரை அப்படிப் பார்க்க முடியல" என்று சொல்லியிருந்தால் உங்கள் தம்பிக்குப் பேச நிறைய இருந்திருக்கும். அவருக்கும் அந்த நாயகன்தானே! "ஓரம்கட்டிவிட்டார்கள்" என்று தீர்ப்பாகச் சொன்னதால் அவருக்குத் தலையாட்டுவது, சண்டை போடுவது என்ற இரண்டு வழிகள்தான் மிஞ்சின. அவர் இரண்டையும் விட்டுவிட்டுத் தனியாகப் போய் டிக்கெட் எடுத்துக்கொண்டார்.

படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த அரை மணி நேரத்தில் நமக்குள் இருப்பது பெரும்பாலும் எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் நடுவே உள்ள தூரம். படம் அதற்கப்புறம்தான் மெல்ல உள்ளே இறங்கும். ஸ்டார் வார்ஸ் வரிசையின் இரண்டாவது படமான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' 1980-ல் வந்தபோது விமர்சனங்கள் கலவையாகவே இருந்தன. முடிவே இல்லாமல் நடுவில் நின்றுவிட்டது போல இருக்கிறது என்ற குறையும் அதில் ஒன்று. இன்று அந்த வரிசையிலேயே சிறந்த படம் எது என்று கேட்டால் அதிகம் பேர் சொல்வது அதைத்தான். இன்னொரு பக்கமும் உண்டு. 1999-ல் 'தி ஃபேன்டம் மெனஸ்' வந்தபோது, பதினாறு வருடம் காத்திருந்த ரசிகர்கள் வாரக்கணக்கில் தியேட்டர் வாசலில் வரிசையில் கிடந்தார்கள். முதல் காட்சியில் கொண்டாடியவர்களில் பலர் அப்புறம் அதை வெறுத்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதற்கும் அடுத்த கட்டம். அன்று அதைக் குழந்தைகளாகப் பார்த்தவர்கள் வளர்ந்து, பெரியவர்கள் வெறுத்த அதே படத்தைப் பிரியத்தோடு நினைவில் வைத்திருக்கிறார்கள். 25 வருடம் கழித்து 2024-ல் அது மறுபடி தியேட்டர்களுக்கு வந்தபோது போய்ப் பார்த்தார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தாலும், பன்னிரண்டு வயதுக்காரியும் ஏழு வயதுக்காரனும் முதல் பாகத்திலேயே ஒரே படத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்போது அவருக்கு எது பிடித்தது, எதற்குப் பயந்தார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

அதனால் உங்கள் கருத்து நாளைக்கு மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. மாறாமலே போகலாம். சில படங்கள் எத்தனை தடவை பார்த்தாலும் சுமார்தான். அவருடைய உற்சாகமும் ஒரு மாதத்தில் வடியலாம். அது அவருக்குத் தானாக நடக்கட்டும், நீங்கள் நடத்திவைக்க வேண்டாம்.

மதிப்பெண் பற்றிக் கேட்டீர்கள். தம்பியோடு பேசும்போது தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். அந்த எண்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்தால் நீங்களே எடுக்க மாட்டீர்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் வரும் சதவீதம் படத்துக்குப் போட்ட மார்க் கிடையாது. எழுதிய விமர்சகர்களில் எத்தனை பேர் மொத்தத்தில் பரவாயில்லை என்று சொன்னார்கள் என்ற கணக்கு அது. எல்லோரும் "பார்க்கலாம்" என்று சொன்ன ஒரு சாதாரணப் படம் 90-ஐத் தாண்டும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் வெறுத்த ஒரு துணிச்சலான படம் 50-ல் நிற்கும். சினிமாஸ்கோர் என்று இன்னொன்று இருக்கிறது. அவர்கள் அமெரிக்காவில் படம் வெளியாகும் முதல் நாளில், தியேட்டருக்கு வந்தவர்களிடம் கேட்டு 'ஏ பிளஸ்' முதல் 'எஃப்' வரை தரம் கொடுப்பார்கள். முதல் நாளே வருகிறவர்கள் ஏற்கெனவே ஆசையோடு வருகிறவர்கள்தானே? 'லாஸ்ட் ஜெடாய்' படத்துக்கு விமர்சகர்கள் பக்கம் 90 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது, சினிமாஸ்கோரில் 'ஏ' கிடைத்தது, அதே ராட்டன் டொமேட்டோஸில் பொதுமக்கள் பக்கம் பாதியைக்கூடத் தொடவில்லை. இதில் எந்த எண்ணைக் காட்டி யாரை மடக்குவது? படமே வெளியாகாத போது ஆட்கள் கூட்டமாக வந்து திட்டிவிட்டுப் போனதால், வெளியீட்டுக்கு முன் கருத்து எழுதும் வசதியையே 2019-ல் அந்தத் தளம் எடுத்துவிட்டது. உங்கள் தம்பி இரண்டு தடவை காசு கொடுத்துப் பார்த்திருக்கிறார். எனக்கு அதுதான் பெரிய தகவல்.

அடுத்தது அந்த நடிகை. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். அந்தப் பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். நடிப்பை விமர்சிக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. இந்தக் காட்சியில் பயம் தெரியவில்லை, அந்த வசனம் ஒட்டவில்லை என்று எழுதுங்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நீங்களே "காட்டமாக" என்று ஒத்துக்கொள்வதைப் பார்த்தால் நடிப்போடு நின்றிருக்காது என்று நினைக்கிறேன். 'லாஸ்ட் ஜெடாய்' படத்தில் நடித்த கெல்லி மேரி டிரானை இணையத்தில் மாதக்கணக்கில் இனத்தையும் தோற்றத்தையும் வைத்து வதைத்தார்கள். 2018-ல் அவர் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எல்லாம் நீக்கினார். அதே வருடம் நியூயார்க் டைம்ஸில் அவர் எழுதிய கட்டுரையில், அவர்கள் சொன்னதை விட, அதைத் தானே நம்பத் தொடங்கியதுதான் தன்னை உடைத்தது என்ற பொருளில் எழுதியிருந்தார். அந்தக் கதாபாத்திரத்தை எழுதியவரும் அவர் இல்லை, அவரை அதற்குத் தேர்ந்தெடுத்தவரும் அவர் இல்லை. அவரைத் திட்டியவர்களில் பெரும்பாலானோர் தாங்கள் எழுதியது ஒரே ஒரு பதிவுதானே என்றுதான் நினைத்திருப்பார்கள். பாராட்டு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கொண்டாடுவதை விடத் திட்டுவதற்கு இணையத்தில் சீக்கிரம் கூட்டம் சேரும். அந்தப் பாராட்டில் எத்தனை உங்கள் விமர்சனத்துக்கு வந்தது, எத்தனை அந்தக் காட்டத்துக்கு வந்தது என்று நீங்களே பார்த்தால் தெரியும்.

சித்தி மகள் விஷயம் சுலபம். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். முடிவு தெரிந்தால் ரசனை ஒன்றும் குறையாது என்று சிலர் வாதாடுவார்கள். 2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் சிறுகதைகளை வைத்துச் செய்த ஆய்வில், முடிவு தெரிந்து படித்தவர்கள் இன்னும் அதிகமாக ரசித்ததாகவே வந்தது. இருக்கட்டும். தெரிந்துகொண்டு பார்ப்பதா, தெரியாமல் பார்ப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான். குழுவில் எழுதுவதற்கு முன் "யார் யார் பார்த்தாச்சு?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும்.

இனி தம்பியிடம் எப்படிப் பேசுவது? நீளமான சமாதானம் எதுவும் வேண்டாம். "நீ கேட்டப்போ நான் மட்டும் பேசிக்கிட்டே இருந்துட்டேன். உனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்கவே இல்ல. இப்போ சொல்லேன்" என்று சொல்லுங்கள். அவர் முதலில் "பரவாயில்லக்கா, விடு" என்பார். விடாதீர்கள். பிடித்த ஒரு காட்சியைக் குறிப்பாகக் கேளுங்கள், இரண்டாவது தடவை எதற்காகப் போனார் என்று கேளுங்கள். "இது எப்படிடா உனக்குப் பிடிச்சுது?" என்ற தொனி மட்டும் வந்துவிடக் கூடாது. அப்படிக் கேட்டால் அது விசாரணையாகிவிடும். அவர் பேசும்போது இடையில் "ஆனா அந்த இடத்துல லாஜிக்கே இல்லையே" என்று நாக்கு நுனி வரை வரும். வரட்டும், அவர் முடிக்கட்டும். அவர் உங்களுக்குப் பிடிக்காததைப் பற்றித் தானாகக் கேட்டால், அப்போது உங்கள் குறைகளை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அதை அவர் விரும்பியே கேட்பார், சண்டையும் போடுவார். அந்தச் சண்டைதானே இத்தனை வருடமாக உங்கள் இருவருக்கும் இருந்த சுவாரஸ்யம்?

படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஒருமுறை அவரோடு போய் வாருங்கள். கருத்தை மாற்றிக்கொள்வதற்காகப் போக வேண்டாம். அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறார், எங்கே சிரிக்கிறார், எங்கே மூச்சுவிடாமல் பார்க்கிறார் என்று கவனிக்கலாம். டிக்கெட் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். வெளியே வந்ததும் இந்த முறை நீங்கள் முதலில் கேளுங்கள்.