சம்பளம் இல்லாத இன்டர்ன் வரைந்த டிசைன் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் நானும் கணவரும் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். வேலைக்கு ஒன்பது பேர் இருக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவுக்கும் ஆன்லைனில் அனுப்புகிறோம். புது டிசைன் வரைய ஓவியம் படிக்கும் மாணவி ஒருவர், போட்டோவும் ரீல்ஸும் எடுக்க விஸ்காம் மாணவர் ஒருவர் என இரண்டு பேரை மே, ஜூன் மாதங்களில் இன்டர்ன்ஷிப்புக்கு எடுக்க ஆசை. ஒரு கன்சல்டன்சிக்காரர், "சம்பளமே வேண்டாம், சர்டிபிகேட் மட்டும் கொடுங்கள், ஆளை நான் அனுப்புகிறேன்" என்கிறார். இது சட்டப்படி சரியா? பிஎஃப், ஈஎஸ்ஐ கட்ட வேண்டுமா? அவர்கள் வரைந்ததை நாளைக்கு வேறு கடைக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: அம்மா, நீங்கள் கடைசியில் கேட்டதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்ற இரண்டுக்கும் பிறகு வருகிறேன். டிசைன் யாருக்குச் சொந்தம் என்பதை, நீங்கள் பணம் கொடுத்தீர்களா, எழுதி வாங்கினீர்களா என்ற இரண்டும்தான் முடிவு செய்யும். கன்சல்டன்சிக்காரர் சொல்வதை அப்படியே செய்தால் இரண்டுமே உங்களிடம் இருக்காது.

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17ஆம் பிரிவு, ஒன்றைப் படைத்தவரே அதன் முதல் உரிமையாளர் என்கிறது. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரோ, தொழில் பழகுநராக (அப்ரன்டிஸாக) சேர்ந்தவரோ அந்த வேலையின் பகுதியாக வரைந்தால் உரிமை உங்களுக்கு வரும். இரண்டு மாதம் வந்துபோகும் கல்லூரி மாணவி இந்த வகையில் அடங்குவாரா? சம்பளப் பதிவேடும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை என்றால், அடங்குவார் என்று நிரூபிக்க உங்கள் வக்கீல் படாத பாடு படுவார். எனவே எழுதி வாங்காத வரை டிசைன் மாணவியுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதை அடுத்த தெருக் கடைக்குக் கொடுத்தால் உங்களால் ஒன்றும் சொல்ல முடியாது.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புகைப்படம், வண்ண ஓவியம், உருவப்படம், செதுக்கு வேலை, திரைப்படம் ஆகியவற்றை ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிரதிபலன், அதாவது பணமோ மதிப்புள்ள வேறொன்றோ, கொடுத்துச் செய்யச் சொன்னால், கேட்டவரே முதல் உரிமையாளர். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால்தான் மாறும். வீடியோ எதுவும் சட்டத்தின் கண்ணில் திரைப்படம்தான், ஆகவே ரீல்ஸும் இதில் வரும். பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால் விஸ்காம் மாணவர் எடுத்த போட்டோ, வீடியோ உங்களுக்கு. கொடுக்காவிட்டால் அவருக்கு. 'சர்டிபிகேட்டும் பிரதிபலன்தானே' என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பி இறங்காதீர்கள், வங்கிக் கணக்கில் போட்ட தொகைக்கு இருக்கும் வலு அதற்கு இல்லை. பஸ் செலவுக்குக் கையில் கொடுத்ததும் அப்படித்தான். சரி, ஓவிய மாணவி? தூரிகையால் காகிதத்தில் தீட்டியது வண்ண ஓவியம், இந்த விலக்குக்குள் வரும். டேப்லெட்டில் போட்ட பார்டரும், பென்சில் கோட்டில் வரைந்த முந்தானை டிசைனும் வண்ண ஓவியமா என்பதில் வாதத்துக்கு நிறைய இடம் இருக்கிறது. ஒரே மாணவி காலையில் செய்தது உங்களுக்கும் மாலையில் செய்தது அவருக்கும் சொந்தம் என்றுகூட ஆகலாம். அதனால்தான் விலக்கை நம்பாமல் எழுதி வாங்குங்கள் என்கிறேன்.

எழுதி வாங்குவது பெரிய வேலை இல்லை. 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்த டிசைன், என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தெந்த நாட்டுக்கு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்தே ஆண்டு. இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூருக்குச் சேலை அனுப்பும் உங்களுக்கு அந்த ஒரு வரி முக்கியம். வாங்கிய டிசைனை ஒரு வருடம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் உரிமை போய்விடும் என்றும் சட்டம் சொல்கிறது, ஆகவே 'பயன்படுத்தாவிட்டாலும் உரிமை நீடிக்கும்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதே தாளில் மாணவிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தான் வரைந்ததைத் தன் பெயரில் போர்ட்ஃபோலியோவில் காட்டிக்கொள்ளலாம் என்று. அந்தப் பிள்ளை நாளைக்கு வேலை கேட்டுப் போகும்போது கையில் கொண்டுபோவது அது ஒன்றுதான். 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவின்படி எப்படியும் அவரிடமே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரே டிசைனைத் தொழில்முறையில் ஐம்பது சேலைக்கு மேல் போட்டால், டிசைன் சட்டப்படி அதைப் பதிவு செய்யாதவர்களுக்குப் பதிப்புரிமையே முடிந்துபோகும். சின்னாளப்பட்டியில் கொடுத்து ஸ்கிரீன் பிரிண்ட் போடுபவர்கள் இதற்குத் தனியாக ஆலோசனை கேட்க வேண்டும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் வேலைக்கும் இது பொருந்துமா என்பதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கன்சல்டன்சிக்காரர். இவர்களைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. உங்களிடம் பணம் வேண்டாம் என்கிறார் என்றால் மாணவரிடம் வாங்குகிறார் என்று பொருள். இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் மதிப்பெண் என்று கல்லூரி சொல்லிவிடுகிறது, எங்கே செய்வது என்று வழிகாட்ட ஆள் இல்லை. அந்த இடைவெளியில் இவர்கள் கடை விரிக்கிறார்கள். அடுத்து அவர் கேட்கப்போவது உங்கள் லெட்டர்ஹெட். "நான்கைந்து தாளில் சீல் போட்டுக் கொடுங்கள், பெயரை நான் எழுதிக்கொள்கிறேன்" என்பார். கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கடை வாசலையே மிதிக்காதவர்கள் உங்கள் கடையில் இரண்டு மாதம் வேலை பழகியதாகச் சர்டிபிகேட் வாங்கிப் போவார்கள். என்றைக்காவது ஒரு கல்லூரியோ கம்பெனியோ சரிபார்க்கப் போன் போட்டால், பதில் சொல்ல வேண்டியது சீலுக்கு உரியவரான நீங்கள்தான், அவர் அப்போது போனை எடுக்க மாட்டார். 'பாதியில் ஓடிவிடாமல் இருக்க ஒரிஜினல் மார்க்ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்' என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. மாணவரின் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. முன்பணம் கேட்கவும் கூடாது.

எவ்வளவு கொடுப்பது? பாடத்திட்டத்தின் பகுதியாக வரும் மாணவருக்கு இவ்வளவு என்று தனியாகச் சட்டம் எதுவும் வரையறுக்கவில்லை. தொழில் பழகுநர் விதிகளை 2019-இல் திருத்தியபோது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று குறைந்தபட்ச உதவித்தொகை வைத்தார்கள். இரண்டாம் ஆண்டு முடித்த மாணவருக்கு 7,000-க்குக் கீழே போகாதீர்கள். சம்பளமே இல்லை என்றால், வீட்டில் வசதி உள்ள பிள்ளை மட்டும்தான் வர முடியும். விடுமுறையில் ஏதாவது வேலைக்குப் போய் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டும் பிள்ளை எப்படி வரும்?

அரசாங்கம் உதவாதா என்று கேட்பீர்கள். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் என்று 2024-இல் கொண்டு வந்தார்கள். அது நாட்டின் 500 பெரிய கம்பெனிகளை வைத்துப் போட்டது. முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவருக்கு அதில் இடமும் இல்லை. நாட்ஸ் எனும் தொழில் பழகுநர் திட்டத்தில் உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது, நான்கு பேர் வேலை செய்யும் இடம்கூட விரும்பினால் சேரலாம். நல்ல திட்டம்தான், ஆனால் பெரும்பாலும் படிப்பை முடித்தவர்களுக்கானது, இரண்டு மாதத்துக்குப் பயன்படாது. ஆலைகளையும் பெரிய தொழிற்சாலைகளையும் மனதில் வைத்தே எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். ஓவியம் படித்த பிள்ளைக்கு மாசி வீதிச் சேலைக் கடையில் உண்மையான வேலை இருக்கிறது என்பது அந்த விண்ணப்பங்களை வடிவமைப்பவர்களுக்கு இன்னும் தோன்றவில்லை. இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பிஎஃப் இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்கு, ஈஎஸ்ஐ பத்துப் பேருக்கு. ஒன்பது பேரோடு இருக்கும் உங்களுக்கு இன்று இரண்டும் இல்லை. ஆனால் மாணவர்களை கவுன்டரில் நிறுத்தி பில் போடவும், சேலை மடிக்கவும், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைச் சமாளிக்கவும் விட்டால், அவர்கள் பெயருக்குத்தான் இன்டர்ன். சோதனைக்கு வருபவர் பத்து, பதினொன்று என்று எண்ணினால் மறுக்க முடியாது, குறைந்தபட்ச ஊதியக் கேள்வியும் கூடவே வரும். தீபாவளி நேரத்தில் இன்டர்ன் எடுக்காதீர்கள் என்று நான் எல்லாக் கடைக்காரரிடமும் சொல்வது இதற்காகத்தான். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, சம்பளம் வாங்காத பயிற்சியாளரையும் பணியாளராகவே பார்க்கிறது. பத்துப் பேர் ஆகிவிட்டால் கடையில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு கேட்கும். மாணவி வரும் முதல் நாளே யாரிடம் சொல்லலாம் என்பதை அவரிடம் தெரிவித்துவிடுங்கள்.

ரீல்ஸ் பற்றி ஒன்று. கடையின் பக்கத்தில் சினிமாப் பாட்டு போட்டு வீடியோ ஏற்றினால் பாட்டு உரிமையாளர் கேள்வி கேட்பது கடையைத்தான், மாணவரை அல்ல. வியாபாரக் கணக்குக்கு என்று அனுமதித்திருக்கும் இசையை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இடைத்தரகர் வேண்டாம் என்றால் ஆளுக்கு எங்கே போவது? விஸ்காம் துறை மதுரையிலேயே பல கல்லூரிகளில் இருக்கிறது. ஓவியத்துக்கு அரசு கவின்கலைக் கல்லூரி என்றால் சென்னை, இல்லாவிட்டால் கும்பகோணம். மதுரை போன்ற ஊருக்கு இன்னும் ஒன்று கொடுக்கவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். நேரே துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, யார் கற்றுக்கொடுப்பார்கள் என்று ஒரே பக்கத்தில் சொல்லுங்கள். கும்பகோணத்திலிருந்து மாணவி வருவதானால் தங்க இடத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள், வீட்டில் அனுப்புவதா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மே மாதத்துக்கு ஆள் வேண்டுமென்றால் பொங்கல் முடிந்ததும் கடிதம் போய்ச் சேர வேண்டும். மார்ச்சுக்குப் பிறகு போனால் தேர்வு வேலையில் துறைத் தலைவரைப் பிடிக்க முடியாது, அப்புறம் மறுபடியும் அந்தக் கன்சல்டன்சிக்காரர்தான் போன் பண்ணுவார்.